வாசுகி வீட்டு வெண்பனி

வாசுகி தகரக் கூரைமேல் நின்று மண்வெட்டியால் வெண்பனியை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு வெளிநாட்டு அதிகாரி வருவதற்குள் முடித்தாக வேண்டும். கோத்தகிரியில் அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் மூன்று வருடமாக, சித்திரை வெயிலிலும், வெண்பனி பெய்து வருகிறது. பக்கத்து வீட்டில் பாலாமணி மிளகாய் காயவைக்கிறாள். முதல் மாதம் டிவிக்காரர்கள் வந்தார்கள். கேரட் விலை ஏறியதும் அதைப் படம் பிடிக்கப் போய்விட்டார்கள்.

அகதிகளைக் குடியமர்த்தும் பணக்கார நாடு ஒன்றுக்கு விண்ணப்பம் போட்ட வாரம் தொடங்கிய பனி அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எண்பத்து நான்கில் படகேறி வந்த குடும்பம். இங்கேயும் நாற்பது வருடம் கொழுந்து பறித்தாயிற்று. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. வாசுகி, கணவன் மனோகரன், மகள் ஜீவிதா, அப்பா தங்கையா என நான்கு பேர் பெயரும் விண்ணப்பத்தில் இருந்தன.

"பணக்காரன் எதுக்குங்க உங்களைக் கூப்புடறான்?" கீழிருந்து பாலாமணி கேட்டாள். "அங்கெ கெழவனுகளைத் தூக்கி உக்கார வெக்க ஆளில்லீங்களாமா. அதுக்குத்தான்."

"அப்படித் தூக்கி உக்கார வெக்க இங்கயே ஒருத்தரு இருக்காரே" என்றாள் வாசுகி. மூன்று வருடமாக வாசல் தாண்டாத தங்கையா, குரங்குக் குல்லாவுக்குள் காதே கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார்.

அதிகாரியம்மா வந்தார். மொழிபெயர்க்கக் கூடலூர் ரிஜோ கூடவே வந்தான். ஏன் எங்களை எடுக்கிறீர்கள் என்று வாசுகியே கேட்டாள். மனிதாபிமானம் என்று பதில் வந்தது. பிறகு ரிஜோ குரலைத் தாழ்த்தினான். "எழுபது தாண்டினா எடுக்க மாட்டாங்களாம் சேச்சி. அப்பா இங்கதான். உங்க மூணு பேருக்கும் ஓகே."

"அப்ப அந்தப் பேப்பரைக் குடுங்க தம்பி. அடுப்புப் பத்தவைக்க ஆகும்."

"கிறுக்குப் புள்ள, போய்த் தொலைங்களேன்" என்று தங்கையா கோபமாக எழுந்து, ரோட்டைக் கடந்து சந்துருவின் டீக்கடைக்குப் போனார்.

பனியும் ரோட்டைக் கடந்தது. மூன்று வருடத்துக்குப் பின் வாசுகியின் தகரத்தில் வெயில் அடித்தது. டீக்கடைக் கூரை வெளுத்தது. சந்துரு பாய்லரை இரண்டடி உள்ளே நகர்த்தினான். அதிகாரியம்மா பேனாவை வைத்துவிட்டு ஓடிவந்தார். தங்கையாவை பஸ் நிறுத்தம்வரை நடந்து திரும்பச் சொன்னார். பனி கூடவே போய்த் திரும்பி வந்தது. அதிகாரியம்மா கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்து, மூன்று என்று எழுதியதை அடித்து நான்கு என்று எழுதினார்.

"இப்பவாச்சும் நெசத்தச் சொல்லச் சொல்லுங்க தம்பி" என்றாள் வாசுகி.

ரிஜோ கேட்டுச் சொன்னான். "மூணு வருஷமா அவங்க மலையில பொட்டுப் பனி விழலையாம் சேச்சி. சறுக்கி விளையாட வர்ற கூட்டமே நின்னு போச்சாம். அது எங்க போச்சுன்னு பதினோரு நாட்டுல, விண்ணப்பம் போட்ட அகதிங்க வீட்டுக் கூரையா பாத்துட்டு வர்றாங்களாம்."

தங்கையா தோளில் விழுந்ததைத் தட்டிவிட்டார். "அவுங்க சாமான்தானா? முன்னாடியே சொல்லியிருந்தா பார்சல்ல அனுப்பியிருப்பனே புள்ள."