ஒன்றரை மில்லிமீட்டர் குளவி

என் மாமனார் வெங்கடாசலம் வாக்குத் தவறாதவர். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன ஆனி மாதம் எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்தார், அதையும் காப்பாற்றினார். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

ராசிபுரத்துக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்கள் காட்டில் நின்று அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். தையில் நட்டது, வைகாசியில் மாவுப்பூச்சி விழுந்தது. குருத்தெல்லாம் சுருண்டு, இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பூபதி ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். போனில் என்னிடம், "அப்பா சொல்றபடி செய்" என்பார். அப்பாவிடம், "மைதிலி படிச்சவ, அவளக் கேளுங்க" என்பார். நல்ல மனுஷன், இரண்டு பக்கமும் நல்ல பேர்.

நான் பள்ளியில் உயிரியல் டீச்சர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு குளவி உண்டு. வேளாண்மைத் துறைக்காரர்களிடம் அலைந்து அதை எங்கள் காட்டுக்கு வரவைத்தது நான்தான். நாலு குப்பியில் கொண்டுவந்து நடுக்காட்டில் திறந்துவிட்டார்கள். "ஒன்றரை மாசம் பொறுங்க, மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க, குளவி மொத்தமும் செத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் குளவியின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். மாமனார் ஒரு குப்பியை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, காலிக் குப்பியத் தொறந்து காட்டீட்டுப் போறாங்களே?"

மூன்று வாரம் பொறுத்தார். பக்கத்துக் காட்டில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டால் போதும், அவருக்குக் கால் நிலைகொள்ளாது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கண்ணுல பாக்காதத நம்பிப் பத்து மாசத்துப் பயிர உட முடியுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தக் கொளவிய எனக்குக் காட்டு. காட்டீட்டீன்னா மாவுப்பூச்சிக்கு மருந்தே அடிக்க மாட்டேன். இது சத்தியம்."

சரிதானே? நியாயமான பேச்சுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போனில் எடுத்தேன், தூசி மாதிரி வந்தது. போன் மேல் மாட்டுகிற குட்டி லென்ஸில் எடுத்தேன், கலங்கிய தூசி வந்தது. கல்யாணமான புதிதில் பூபதி வாங்கிக் கொடுத்த கேமரா ஒன்று இருக்கிறது. அதோடு வந்த லென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதைக் காட்டி, "இதுதாங்க மாமா" என்றேன். "எலிப் புழுக்கையாட்ட இருக்குது" என்றார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். இரண்டு வருஷமாகவே, பொடிசைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கும் ஆசை எனக்கு உண்டு. அதில் பாதி ஆசை, பாதி ஆத்திரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைக்காரர் பெயர் சந்திரசேகர். முதல் கேள்வியே, "மோதிரமா, பூவா, பூச்சியா?" என்றார். பூச்சி என்றதும் கையிலிருந்த லென்ஸை உள்ளே வைத்துவிட்டார்.

"அது அறுபது எம்எம். மோதிரம் ஓடாது, அதுக்குப் போதும். பூச்சிக்கு நாலு விரக்கடை கிட்ட போகணும். உங்க நிழல் விழும், பறந்துடும். நூறு எம்எம் எடுங்க. ஒரு சாண் தள்ளி நின்னே ஒண்ணுக்கு ஒண்ணு கிடைக்கும், பூச்சி எவ்வளவோ அவ்வளவும் அப்படியே உள்ளே விழும்."

"அதுக்கு மேலே?"

"நூத்தி எண்பது இருக்கு. தூக்கி நிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்."

வேறொரு லென்ஸின் கழுத்திலும் மேக்ரோ என்று எழுதியிருந்தது, விலையும் பாதிதான். அதைக் காட்டிக் கேட்டேன். "எழுதறதுக்கு என்னங்க, யாரு வேணா எழுதலாம். கால்வாசிதான் பெருசாக் காட்டும்" என்றார். கடை வாசலில் ஓடிய எறும்பை அறுபதிலும் நூறிலும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அறுபதில் எறும்பு ஓடிவிட்டது. நூறில் அதன் காலில் இருந்த முடி தெரிந்தது. யாரோ இரண்டு வருஷம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த நூறு எம்எம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒன்றரை மில்லிமீட்டர் என்று நான் சொன்னதைக் கேட்டு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற வளையம் மூன்றும் சேர்த்துத் தந்தார். "இதைப் போட்டா இன்னும் பெருசாத் தெரியும். மூச்ச அடக்கி எடுங்க" என்றார்.

எவ்வளவு பெரிசாகத் தெரிந்தால் போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் காட்டுக்குப் போனேன். ஆனி மாதக் காற்று கிளம்பிவிட்டால் இலை நிற்காது. இலைக் காம்பைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்தேன். தலை மயிரளவு முன்னே பின்னே நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். கண் தெளிந்தால் உணர்கொம்பு கலங்கியது, கொம்பு தெளிந்தால் குளவியே இல்லை. இருநூற்று நாற்பது படம் எடுத்தேன். அதில் ஒன்று வந்தது.

வந்ததே, அது வரம். மாவுப்பூச்சியின் முதுகில் ஏறி நின்று வால்முனையால் குத்திக்கொண்டிருந்தது குளவி. கறுப்பு உடம்பில் மினுமினுப்பு, கண் இரண்டும் செம்மணி, நீட்டிய கொம்பு, காலில் கொக்கி. கேமராவின் பின்பக்கத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வரப்பில் தனியாக உட்கார்ந்து அழுதேன். எங்கள் காடு பிழைத்தது என்று நினைத்தேன்.

போனில் காட்டினால் கண்ணைச் சுருக்குவார் என்று, ராசிபுரத்தில் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். ஓரத்தில் 'மைதிலி பூபதி' என்று பெயரும் போட்டுக்கொண்டேன். அந்தப் பெருமைக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படத்தை மாமனார் மடியில் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுவா கொளவி?"

"ஆமாங்க மாமா."

"நம்ம காட்டுலயா?"

"நம்ம காட்டுலதாங்க. நெறைய ஆயிடுச்சு. எந்த எலயத் திருப்புனாலும் ரெண்டு மூணு இருக்குது."

"மாவுப்பூச்சிய இதுதான் கொல்லுதா?"

"இதேதாங்க. ஒண்ணு உடாது."

"செரி சாமி. நீ பொய் சொல்லல" என்று படத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தார் ரோட்டிலேயே மருந்து வாடை மூக்கில் ஏறியது. பக்கத்துக் காடாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். எங்கள் களத்தில் ஸ்பிரேயர் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. மாமனார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"மாமா, சத்தியம் பண்ணுனீங்களே!"

"மாவுப்பூச்சிக்கு அடிக்க மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு அடிக்கலயே. இந்தக் கொளவிக்குத்தான் அடிச்சேன்."

தோள்பையைக் களத்திலேயே போட்டேன். அவர் மேலே சொன்னார்.

"மாவுப்பூச்சிய ஒண்ணு உடாமத் தின்னு முடிக்கும்னு நீதான சொன்னே? முடிச்சுப்போட்டு, அப்பறம் என்னத்தத் திங்கும்? கெழங்கத்தான? அதும்பட மொகத்தப் பாத்தியா, காலப் பாத்தியா? படத்த மணியன் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுனேன். மருந்துக் கடை வெச்ச நாள்ல இருந்து இப்படி ஒரு பூச்சியப் பாத்ததில்லைன்னு பயந்துபோயிட்டான். ஒண்ணுக்கு ரெண்டு மருந்தாக் கலக்கிக் குடுத்தான். நீ மட்டும் காட்டலைன்னா காடே போயிருக்கும் சாமி" என்று என் தலையில் கை வைத்தார்.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவர் உண்மையாகவே பயந்திருந்தார், உண்மையாகவே எனக்கு நன்றி சொன்னார். அதற்கு எதிரே நின்று எதைக் கத்துவது?

மறுநாள் விடிகாலை லென்ஸை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். குளவிகள் இலையோடு ஒட்டிச் செத்துக் கிடந்தன. காற்றுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, எதுவும் பறக்கவில்லை. மாவுப்பூச்சி உடம்பில் மெழுகு இருக்கிறது, மருந்து அதன் மேல் சரியாக ஒட்டாது. முத்து முத்தாக மருந்துத் துளி நிற்க, அதற்கடியில் அவை மெதுவாகக் காலை அசைத்துக்கொண்டிருந்தன. நூறு எம்எம்மில் வெகு தெளிவாகத் தெரிந்தது.

மணியன் கடைக்கு ஓடினேன். என் படம் கல்லாவுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. "அது நல்ல பூச்சிங்க, கழட்டுங்க" என்றேன். "டீச்சர், உங்களுக்கு எளகின மனசுங்க. நீங்க எடுத்த படந்தானுங்க இத்தன பேரு காட்டக் காப்பாத்தியிருக்குது" என்றான். படத்தை நானே கிழித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவன் போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். மூன்றாம் நாள் அது எங்கள் பள்ளி குரூப்புக்கே வந்து சேர்ந்தது. 'எச்சரிக்கை! உங்கள் காட்டில் இந்தப் பூச்சி இருக்கிறதா?' ஓரத்தில் மைதிலி பூபதி. தப்பு என்று கீழே நீளமாக எழுதினேன். நாலு பேர் கும்பிடு போட்டார்கள். படம் போய்க்கொண்டே இருந்தது.

நேற்று கெங்கவல்லியிலிருந்து ஒரு போன். அங்கே குச்சிக்கிழங்கு வைத்திருக்கும் செல்லியம்மாள் என்று சொன்னார். படத்தில் பெயரைப் பார்த்து, யார் யாரிடமோ விசாரித்து என் நம்பரைப் பிடித்திருக்கிறார்.

"எங்க காட்டுலயும் பொடிசு பொடிசா பறக்குதும்மா. அதுதான்னு பேசிக்கிறாங்க. நீங்க என்ன மருந்து அடிச்சீங்க?"

"இன்னும் அடிக்கலையே?" என்று நான் போட்ட சத்தத்தில் வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லம்மா, ஆளு வந்து நிக்குது."

"அடிக்காதீங்கம்மா! உங்க கால்ல வேணா விழறேன். அது நல்லது பண்ற பூச்சி. அதுதான் மாவுப்பூச்சியக் கொல்லுது. கிழங்கத் தொடாது, இலையத் தொடாது. மாவுப்பூச்சி இல்லைன்னா அதுவே இருக்காது. கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சிம்மா அது!"

"அந்தப் படத்த எடு" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார். அவர் படத்தை மறுபடியும் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நல்ல பூச்சின்னா," என்று நிதானமாகக் கேட்டார், "அதை ஏம்மா இத்தாம்பெருசா எடுத்துப் போட்டீங்க?"

அவருக்குப் பின்னால் ஸ்பிரேயர் கிளம்பும் சத்தம் கேட்டது.