செம்புத் தகடு

எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைத்து அடைக்கும் ஹெட் கேஸ்கெட் இரண்டு மேசைமேல் கிடந்தன. ஒன்று முழுச் செம்பில் வெட்டியது. மற்றது நடுவில் நார் வைத்து இருபுறமும் மெல்லிய தகடு போர்த்தியது. பல் டாக்டரின் அறுபது வருடத்துப் பச்சைக் காருக்கு இரண்டுமே பொருந்தும். நார் வைத்தது விட்டுக்கொடுக்கும் ரகம். ஒன்றிரண்டு நட்டில் முறுக்குக் குறைந்தாலும் தானே நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். செம்புக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. சின்னவன் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செம்பை எடுத்தான்.

பட்டறைக்கு வருகிறவர்கள் அவனைச் சின்னவர் என்றும், அவன் அக்கா புருஷனைப் பெரியவர் என்றும் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதாகியும் அவன் சின்னவர்தான். பதினொரு வருடமாக, அவன் முறுக்கி முடித்த ஒவ்வொரு எஞ்சினையும் அத்தான் வண்டிக்காரர் முன்னாலேயே மறுபடி முறுக்கிப் பார்ப்பார். கோவிச்சுக்காத மாப்ள, ஒரு தடவ பாத்துடறேன் என்பார். நட்டு மயிரிழைகூட நகராது. அடுத்த எஞ்சினுக்கும் வந்து நிற்பார். ஒருநாள் சோறு கொண்டுவந்த அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, தூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று அந்தத் தூக்கை அவன் திறக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன் அத்தானுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட்டாள். அந்த நிலையிலும் பல் டாக்டர், பெரியவர் கையால் முறுக்கினால்தான் எனக்குத் திருப்தி என்றார். அத்தான் முகம் மலர்ந்துபோயிற்று.

சின்னவன் செம்பைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மிருதுவாக்கி எஞ்சின்மேல் வைத்தான். மேலே ஹெட்டை இறக்கினான். டாக்டர் பக்கத்தில் நிற்க, ஸ்பானரை அத்தானிடம் நீட்டினான். நடுவிலிருந்து வெளியே, பத்து நட்டு, மூன்று சுற்று. இரண்டு சுற்றுவரை கை தாங்கியது. மூன்றாவதில் பின்பக்க நட்டுகளுக்கு வந்தபோது விரல்கள் நடுங்கின. தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஸ்பானர் பாதியில் நின்றதைச் சின்னவன் பார்த்தான். டாக்டர் பார்க்கவில்லை.

அத்தான் நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானரை அவனிடமே நீட்டினார். குரல் தாழ்ந்திருந்தது.

"மாப்ள, நீ ஒரு தடவ பாத்துடேன்."

"நீங்க கை வச்சதுக்கு மேல நான் என்ன அத்தான் பாக்கறது?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தானும் சிரிக்க வேண்டியதாயிற்று. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கியபின் இன்னொரு சுற்று முறுக்குவது வழக்கம். அதைச் சின்னவன் ஞாபகப்படுத்தவில்லை. அத்தான் அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். பச்சைக் கார் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் வெள்ளைப் புகை கக்கி நின்றது. பட்டுப்புடவையோடு டாக்டர் மனைவி இறங்கி நடந்தாளாம். மறுநாள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மூன்றடி தள்ளி அத்தான் நிற்க, டாக்டர் சின்னவனைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே அவர் கை என் வண்டி மேல படக்கூடாது."

ஹெட்டைக் கழற்றியபோது செம்பு, பின்பக்கச் சிலிண்டர்களுக்கு நடுவில் கருகி அரித்துப்போயிருந்தது. சேதி கேட்டு அக்கா வந்தாள். கருகின இடத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"நீ ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"அவன எதுக்குக் கேக்கற? வெளியாள் முன்னாடி எனக்கு மரியாதை குடுத்தான். என் கைதான் ஏமாத்திருச்சு."

அக்கா தன் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் தம்பிமேலேயே நின்றது. அவன் குனிந்து, நார் வைத்த கேஸ்கெட்டை எடுத்துப் பொருத்த ஆரம்பித்தான்.

அத்தான் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். உள்ளே ஒவ்வொரு நட்டாக இறுகும் முனகல் கேட்டது. கேட்கும்போதெல்லாம் அவருடைய வலது கை, தொடையோரம் தொங்கியபடியே, வலப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பித் திரும்பி அடங்கியது.