மோட்டாருக்குள் ஒரு பிடி உமி

1

டப்!

மோட்டாரின் பானட் மூடிய சத்தம். கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். காக்கி உடுப்புப் போட்ட டிரைவர் ஒருவன் பானட்டின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். பக்கத்தில் முறத்தோடு ஒரு மலைக்காரன். பின் ஸீட்டில் ஒரு டாக்டரம்மா. அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

நான் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ராசிபுரம் போய்ச் சேருவதற்குள் நானே கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அர்த்தனாரி கெட்டவன் அல்ல, ஆனால்...'

(அடித்துவிட்டேன். 'ஆனால்' வந்தவுடனேயே வாசகர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.)

வாரம் ஒரு நாள் டாக்டரம்மாவின் மோட்டார் முள்ளுக்குறிச்சிக்கு வரும். அதற்குமேல் மோட்டாருக்குப் பாதை இல்லை. மலை ஜனங்கள் இறங்கிவந்து மருந்து வாங்கிப்போவார்கள். மலைமேல் திண்ணனூர் நாட்டுப் பொன்னன் மிளகு மூட்டையோடு இறங்குகிறவன். யாருக்கு என்ன நோவு என்று எடுத்துச் சொல்லுகிறவனும் அவன்தான். அவனை டாக்டரம்மா 'கண்ணு' என்று கூப்பிடுவாள். நாலு வருஷமாக மோட்டார் ஓட்டுகிற அர்த்தனாரியை 'டிரைவர்' என்று கூப்பிடுவாள்.

இன்றைக்கு அந்தக் 'கண்ணு' காதில் விழுந்தபோது அர்த்தனாரி என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை திரும்பியது, கையும் கூடவே திரும்பியது. அரைப்படி எண்ணெய் என்ஜின் மேலெல்லாம் வழிந்து, புகைக்குழாயையும் நனைத்தது.

3

எண்ணெய் சிந்திய என்ஜினை எப்படிச் சுத்தம் செய்வது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்தேன். சூடு ஆறவேண்டும். பாட்டரிக் கம்பியைக் கழற்றவேண்டும். கிட்டத்தில் நெருப்பே ஆகாது.* பெட்ரோல் துணியால் துடைத்தால் சீக்கிரம் முடியும். சீக்கிரமே பற்றிக்கொள்ளவும் செய்யும்.

(* இதைச் சொன்னபோது அவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.)

அர்த்தனாரி சூடு ஆறவிட்டான், கம்பியைக் கழற்றினான். அதுவரை சரி. எல்லாரும் பார்க்கிறார்களே என்று அவசரப்பட்டுத் துணியைப் பெட்ரோலில் நனைத்தான்.

"ஏனுங்க, அது வேண்டாமுங்க" என்றான் பொன்னன். "எங்கூர்ல வெளக்கெண்ண கொட்டுனா சாமை உமியத் தூவி உடுவோம். அது குடிச்சுக்குமுங்க."

டாக்டரம்மா தலையசைத்தாள். பக்கத்தில் சாமை குத்திக்கொண்டிருந்த வீட்டிலிருந்து ஒரு முறம் உமி வந்தது. பொன்னன் தூவினான், காத்திருந்தான், எண்ணெய் ஊறிய உமியைத் தென்னந்துடைப்பத்தால் முறத்தில் கூட்டி எடுத்தான். ஈரத்துணியில், தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூளைத் தொட்டு மிச்சப் பிசுக்கைத் துடைத்தான். டைனமோவில் ஈரம் படாமல் துணி போட்டு மூடியதும், கடைசியில் கம்பியை மறுபடி மாட்டியதும் அர்த்தனாரி. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"நல்லா செஞ்சே கண்ணு" என்றாள் டாக்டரம்மா.

4

பானட்டை மூடப்போகும்போது அர்த்தனாரி கண்டான். புகைக்குழாயின் வளைவுக்கு அடியில், துடைப்பம் எட்டாத மூலையில், எண்ணெய் குடித்த உமி ஒரு பிடி ஒட்டியிருந்தது.

பொன்னனுக்கு அது தெரியாது. அவன் ஊரில் எண்ணெய் தரையில்தான் கொட்டும், தரை கொதிக்காது. இந்தக் குழாய் இரண்டு மைலில் கொதிக்கும். முதலில் புகையும், பிறகு...

'மலைக்காரன் வேலையைப் பாரு' என்று டாக்டரம்மா சொல்லுவாள். அடுத்த வாரம் 'கண்ணு' இருக்காது.

பார்த்தான், பார்த்தபடியே மூடினான்.

5

(இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதும் பத்திரிகையிலேயே இன்னொருவர் தொடர்கதை எழுதுகிறார். அவருக்குக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. எனக்கு வாரத்துக்கு இரண்டு, அதில் ஒன்று என் மைத்துனன் போடுவது. போன மாதம் அவருடைய ஒன்பதாம் அத்தியாயம், அச்சுக்குப் போகவிருந்த பிரதி, தற்செயலாக என் கைக்கு வந்தது. நாலாம் அத்தியாயத்தில் செத்துப்போன பெண் அதில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சாகி வரட்டும் என்று காத்திருந்தேன். அதில் யாருக்கும் தீப்பிடிக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.)

6

முடிவு ஒன்று: இரண்டாவது மைலில் புகை கிளம்பும். மண்ணை வாரிப் போட்டு அணைப்பார்கள். பொன்னன் பெயர் கெடும். (பின் ஸீட்டில் டாக்டரம்மா இருக்கிறாள். மண் அள்ள நேரம் இல்லாவிட்டால்?)

முடிவு இரண்டு: அர்த்தனாரி பானட்டைத் திறந்து, சத்தமில்லாமல் உமியைத் தோண்டி எறிந்துவிடுவான். புகழ் பொன்னனுக்கே போகும். (அர்த்தனாரியை இதற்குச் சம்மதிக்கவைக்க மூன்று தடவை முயன்றேன்.)

முடிவு மூன்று: பொன்னனைக் கூப்பிட்டு உமியைக் காட்டுவான், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே... (பத்திரிகாசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பேனா நகரவில்லை.)

ஆகவே அவனை அங்கேயே விட்டுவிடுகிறேன். எது நடக்கவேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். பானட் மூடியிருக்கிறது. அதன்மேல் அவன் கைகள். பொன்னன் ஒன்றும் தெரியாமல் முறத்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

டாக்டரம்மா தலையை வெளியே நீட்டி, "ஏன் டிரைவர் அப்படியே நிக்கிறீங்க? உள்ளே ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேட்கிறாள்.

அர்த்தனாரி அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லுகிறான்:

"எம் பேரு அர்த்தனாரிங்கம்மா."