முப்பத்திரண்டு எது?

என் மருமகள் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் நாய்க்கூடத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டதால், எங்கள் வீட்டுக்கு ஒரு பழுப்பு நாய் வந்து சேர்ந்தது. பெயர் முப்பத்திரண்டு. கம்பெனி வைத்த பெயர்.

“சாக்கடை சரியாகிற வரைக்கும்தான் மாமா. அப்புறம் திருப்பிக் கொண்டுபோயிடணும்.”

“கொண்டுபோய்?”

“கல்லீரலை எடுத்துப் பார்ப்பாங்க.”

“பார்த்துட்டு மறுபடி வெச்சிடுவாங்களா?”

அவள் கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

முப்பத்திரண்டு அதுவரை மண்ணை மிதித்ததே இல்லை. புல்லில் இறக்கிவிட்டதும் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் தூக்கப் பார்த்தது; கொஞ்ச நேரம் தூக்கியும் நின்றது. அதற்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். நான் என் இரத்த அழுத்த மாத்திரை அட்டையைச் சடக்கென்று அழுத்தினால் ஓடிவந்து உட்காரும். வாயைத் திறக்கும். பிறகு, இரத்தம் எடுத்துக்கொள் என்று முன்னங்காலை நீட்டும்.

“இது முழுங்கினதைத்தானேம்மா நாளைக்கு நான் முழுங்கணும்?”

“இது தாங்கிச்சுன்னா நீங்களும் தாங்குவீங்கன்னு யார் சொன்னது? நாய்க்கு ஒத்துக்கிட்ட எத்தனையோ மருந்து மனுஷனுக்கு ஒத்துக்கல. மனுஷ செல்லையே கிண்ணத்துல வளர்த்து சோதிக்கலாம்னு நானும் கத்துறேன். மேலாளர் காதுலயே போட்டுக்கல.”

“சரிதான். நானும் நாயும் நம்பி வாயைத் திறக்கறோம்.”

தினமும் வாசலில் உட்கார்ந்து மாத்திரை போடுவேன். அது காலை நீட்டியதும் ஒரு பிஸ்கட் கொடுப்பேன். தெருநாய்கள் இதைக் கவனித்தன. முதலில் கறுப்பன் வந்து காலை நீட்டினான். மறுநாள் நொண்டி. அதற்கு இருப்பதே மூன்று கால். அதில் ஒன்றை நீட்டிவிட்டு எப்படி நின்றது என்று கேட்காதீர்கள், நின்றது. வாரக் கடைசியில் அடுத்த தெரு நாய்களும் வரிசைக்கு வந்துவிட்டன. ஒரு பூனைகூட வந்தது. தன் முறை வருமுன் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

சாக்கடை சரியானது. மருமகள் நாயைக் கொண்டுபோகவில்லை. “வேலை போனா போகட்டும் மாமா” என்றாள். மேலாளரே கூண்டும் காருமாக வந்து இறங்கினார்.

“முப்பத்திரண்டு எது?”

வாசலில் பழுப்பு நாய்கள் பல படுத்திருந்தன. முப்பத்திரண்டின் இரத்தம் என்ன, எடை என்ன, எல்லாம் அவருக்கு அத்துப்படி. மூஞ்சிதான் தெரியாது. காதில் எண் இருக்கும் என்று குனிந்தார். கறுப்பன் பல்லைக் காட்டினான். காதை விட்டுவிட்டார்.

“அட்டை சத்தம் கேட்டா தானா வரும்” என்று சொல்லித் தன் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டையை எடுத்து அழுத்தினார். சடக்.

தெருவே வந்தது. உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. காலை நீட்டியது. பூனையும் வந்திருந்தது.

“எல்லாமே நீட்டுதே!”

“ஆமா சார். எதைக் கூப்பிட்டாலும் மறுக்காம வரும். அதான் சங்கடம்” என்றேன்.

“நான் காட்டமாட்டேன் சார்” என்றாள் மருமகள்.

அவர் முதல் நாயின் காலைக் கையில் பிடித்தார். குலுக்குவதா விடுவதா என்று தெரியவில்லை போலும், வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு அடுத்தது. இப்படியே வரிசைக் கடைசிவரை போனார். பூனையிடம் ஒரு கீறல் வாங்கினார். காலிக் கூண்டோடு கிளம்பிப் போனார்.

மருமகளின் வேலை போகவில்லை. அவளுடைய கிண்ணங்களுக்கு ஓர் அறை கிடைத்தது; ஒரு மருந்தை அதில் சோதித்துப் பார்க்கலாமாம். ஒன்றுதான். இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு மறுபடி கார் வந்தது. பின்கதவு திறந்ததும் இன்னொரு பழுப்பு நாய் எங்கள் புல்லைப் பார்த்து மிரண்டது. முப்பத்திரண்டு ஓடிப்போய், பெரிய மனிதர் தோரணையில், புல்லில் புரண்டு காட்டியது.

“இது முப்பத்தி மூணு” என்றார் மேலாளர்.

“அட! எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“மூஞ்சியைப் பார்த்துத்தான்.”