நாற்பதுக்கு வாங்குகிறேன்

எங்கள் பங்கு வியாபாரக் கம்பெனியில் நேர்காணலுக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்டுக் கொல்வதில்லை. விளையாட விடுவோம். கொல்வது அதற்குள்ளேயே நடந்துவிடும்.

ஆளுக்கு இருபது பிளாஸ்டிக் வில்லைகள், அவைதான் பந்தயப் பணம். நான் எதையாவது கேட்பேன். வந்தவர் இரண்டு எண்கள் சொல்ல வேண்டும்: கீழ் எண்ணுக்கு வாங்கிக்கொள்வார், மேல் எண்ணுக்கு விற்பார். உண்மையான விடை அதற்கும் கீழே என்று நினைத்தால் நான் அவரிடம் விற்பேன், மேலே என்றால் வாங்குவேன். ஒருவன் ஆசையாக விற்க வந்தால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, உடனே விலையை இறக்கிவிட வேண்டும்; ஆசையாக வாங்க வந்தால் ஏற்றிவிட வேண்டும். இதுதான் தொழிலின் முதல் நாள் பாடம். ஆம்ஸ்டர்டாமில் பத்து வருடமாக இந்தப் பாடத்தை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அன்று வந்தவள் யொரிண்டே, லேவார்டன் என்ற ஊரில் கணக்கு டீச்சர். மூன்று சுற்று தேறியிருந்தாள். இது கடைசிச் சுற்று, காலியாக இருந்தது ஒரே இடம். அந்த நம்பிக்கையில் பள்ளி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதை எங்களிடம் சொல்லியிருக்க வேண்டாம். என் மேலாளர் மார்லூஸ் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் மென்றபடி, மோரைக் குடித்துக்கொண்டு பார்த்தாள்.

"கீழ பாலத்துல எத்தனை சைக்கிள் நிக்குது?" என்றேன்.

"எண்பது, நூறு."

நான் காலையிலேயே எண்ணி வைத்திருந்தேன். "நூறுக்கு வாங்குறேன்."

"ஓ, அப்படிப் போகுதா? அப்ப நூத்திமுப்பது, நூத்தைம்பது."

மார்லூஸ் தலையாட்டினாள். அடுத்தது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"இங்க நீங்க எத்தனை மாசம் தாக்குப்பிடிப்பீங்க?"

பதில் எதுவானாலும் நான் விற்பேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. வந்தவர் விலையை இறக்குகிறாரா என்று பார்ப்பதற்குத்தான் அது.

"நாற்பது, நாற்பத்தஞ்சு."

"நாற்பதுக்கு வித்தேன்."

"வாங்கிக்கிட்டேன். நாற்பது, நாற்பத்தஞ்சு."

"மறுபடியும் வித்தேன்."

"குடுங்க."

ஐந்து தடவை விற்றேன். அவள் ஒரு மாதம்கூட இறங்கவில்லை. மார்லூஸ் மெல்வதை நிறுத்தினாள்.

"ஏம்மா, இவன் விழுந்து விழுந்து விக்கிறானே, ஏதோ தெரிஞ்சுதான் விக்கிறான்னு தோணலையா?"

"சைக்கிள்ல தோணுச்சு. இறங்கிட்டேன்ல... இல்ல, ஏறிட்டேன். ஆனா இவர் என்னைப் பார்த்து நாற்பது நிமிஷம்தான் ஆச்சு. எனக்கு என்னை முப்பத்தொரு வருஷமா தெரியும். இந்தச் சரக்குல விஷயம் தெரிஞ்ச ஆள் நான்தான்."

எனக்குச் சுருக்கென்றது. இதே நாற்காலியில், இதே கேள்விக்கு நான் அறுபது மாதத்தில் ஆரம்பித்து, ஐந்தே விற்பனையில் ஆறுக்கு இறங்கியவன். கெட்டிக்காரன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம்தான் தாங்குவேன் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டுப் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அவளை வெளியே காத்திருக்கச் சொன்னோம்.

"அவ சொன்னது சரிதானே?" என்றேன்.

"சரிதான். அதுக்கு? நாளைக்குச் சந்தை இவளை ஏறி மிதிக்கும்போதும் 'எனக்குத்தான் தெரியும்'னு நிப்பா. என்ன வீபே, மனசு இளகிடுச்சா? படிவத்துல அதுக்கு இடமில்லையே."

படிவத்தில் இருந்தது ஒரு கேள்விதான்: விலையை மாற்றினாரா? அடித்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வெட்கமாக இருந்தது, இருந்தும் போட்டேன்.

வேலை இல்லை என்று வெளியே போய் நானே சொன்னேன். அவள் அழவில்லை. ஈர மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த வில்லைகளை எல்லாம் என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"பிடிங்க. சைபர் மாசம். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

"எனக்கு நிஜமாவே எதுவும் தெரியாதுங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் விப்பேன்."

"தெரியாமத்தான் வித்தீங்க," என்றாள். "ஆனா பேனா உங்க கையில இருந்துச்சு. அதை நான் விலையில சேர்க்கலை."