கமலாட்சியின் நிறம்

சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு வாய் நீளம். போன கிழமைகூட, வெள்ளைத்தோல் நடிகைக்குக் கரி பூசி ஏழைப் பெண்ணாக நடிக்க விட்ட ஒரு படத்தைக் கிழிகிழியென்று கிழித்துக் காணொளி போட்டேன். “கறுத்த பெட்டை ஒருத்தியும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டேன். கேட்ட என் முகத்தில் முகத்தை வெளுப்பாக்கும் பில்டர் இருந்தது. நான் கறுப்பி. வெட்கங்கெட்ட கதைதான், ஆனால் உண்மை.

பிழைப்பும் அதேதான். கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கணினிக்கு முன்னால் இருந்து, மணமக்களையும் சாமத்தியப்பட்டு வயதுக்கு வந்த பிள்ளைகளையும் வெளுப்பாக்குகிறேன். செய்யச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை. செய்யாவிட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

முரசுமோட்டையிலிருந்து பரமலிங்கம் ஐயா வந்தது, செத்துப்போன மனைவி கமலாட்சியின் கல்வெட்டுக்குப் படம் செய்ய. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களிடம் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். அவரிடம் இருந்தது ஒரு பழைய அடையாள அட்டை. அதிலிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி நிறம் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும்.

கை பழகிய மாதிரியே செய்தேன். கோதுமை நிறம், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு. ஐயா கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்து பார்த்தார்.

“இது ஆர் பிள்ளை?”

“உங்கட மனுசிதான் ஐயா.”

“கண்ணும் மூக்கும் அவாவின்ரதான். ஆனா அவா இல்லை. இதை வைச்சுக் கும்பிட என்னால ஏலாது.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “அப்ப வேற படம் ஒண்டு தாங்கோ. நிறத்தை நான் எங்க போய்ப் பிடிக்கிறது?”

“வேற இல்லைப் பிள்ளை. கமராவைக் கண்டாலே அடுப்படிக்க ஓடிடுவா. ‘நான் கறுப்பி, எனக்கேன் படம்’ எண்டுவா. கலியாணப் படமும் சண்டைக்கால இடம்பெயர்வோட துலைஞ்சு போச்சு. அட்டைக்கெண்டு எடுத்த இது ஒண்டுதான்.”

என் கைபேசியில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன, எல்லாம் பில்டர் போட்டவை. ஒன்றில்கூட நான் இல்லை. நாளைக்கு நான் செத்தால் என் வீட்டில் உள்ளவர்கள் எதை எடுத்துக்கொண்டு வருவார்கள்?

ஐயா மவுஸில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“குறை நினையாதையும் பிள்ளை. அவா உம்மட நிறம்.”

பள்ளிக்கூடத்திலிருந்து கலியாணப் பேச்சுவரை என் நிறத்தைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சுட்டிருக்கிறார்கள். இந்த மனுசன் சொன்னபோது சுடவில்லை. இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து அந்த முகத்துக்கு நிறம் எடுத்தேன். “இன்னும் கொஞ்சம்,” என்றார். “நெத்தியில இன்னும்,” என்றார். அரை மணித்தியாலத்தில் நெற்றியும் முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஓம், அவாதான். நல்ல வடிவு, என்ன? நாப்பது வருசத்தில ஒருக்காலும் நான் அவாவுக்கு அதைச் சொல்லேல்லை.”

“ஓம் ஐயா, நல்ல வடிவு,” என்றேன். அந்த நிறத்தைப் பார்த்து என் வாயால் அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடிக்குமுன் எனக்கும் அழுகை வந்துவிட்டது.