ஜீரோ பவர்

ராஜபாய் முந்திரிக்கொத்துப் பலகாரத்தை டப்பாவில் அடுக்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கூட வந்த புருஷன் ஞானையனுக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற ஜினிஷாவுக்கு அது. போன வாரம் அந்தப் பிள்ளைதான் அவருடைய வலது கையைத் தூக்கச் சொல்லி, விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற நர்சிடம் "பவர் ஜீரோ" என்று சொன்னாள். ராஜபாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்னே, ஜீரோ பவர் என்றால் அவளுக்குத் தெரியாதா? கண்ணாடிக்கடையில் அவளுக்கு வருஷா வருஷம் பவர் ஏறுகிறது. தங்கச்சிக்கு ஜீரோ என்றார்கள், கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடியே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பெரிய டாக்டரும் முதல் நாளே ரைட் சைடு வீக்னஸ் என்றுதானே சொன்னார். வீக்னஸ் யாருக்குத்தான் இல்லை? காய்ச்சல் விட்டால் வீக்னஸ், பிள்ளை பெற்றால் வீக்னஸ். ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் கொடுத்தால் ஓடிப்போகும். அவர் படுத்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சோறு தின்றாள். எஸ்டேட் முதலாளி சகாயத்துக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் ரப்பர் பால் வெட்ட வந்துவிடுவார், மரத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றாள். கை சுகமாகிவிட்டது என்று சபையில் ஸ்தோத்திரக் காணிக்கையும் வைத்தாள்.

ஜினிஷா டப்பாவை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அவர் எப்போது கத்தி பிடிக்கலாம் என்று ராஜபாய் கேட்டதும் சிரிப்பு நின்றது. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஞானையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, கைக்குப் பவர்னா பெலம். ஜீரோன்னா பெலமே இல்லன்னு அர்த்தம்."

"வீக்னஸ்னுதானே டாக்டர் சொன்னாவ?"

"நாங்க சொல்லுத வீக்னஸ் வேற அம்மா. தளர்ச்சி இல்ல, பக்கவாதம்."

கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று எதையோ தொடங்கிய ஜினிஷா, ராஜபாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தி என்ன பயன்? கை விழுந்த அன்று விடியும் நேரத்தில் கத்தி கையிலிருந்து நழுவ, கால் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஞானையனும் வீக்னஸ் என்றுதான் குழறினார். இவள் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, போர்வை போர்த்தி, நல்லாத் தூங்கட்டும் என்று கதவையும் சாத்தி வைத்தாள். எப்போதிருந்து வீக்னஸ் என்று டாக்டர் சாயங்காலம் கேட்டபோது, காலையிலிருந்தே, நான் குளுக்கோஸ் கொடுத்துப் படுக்க வைத்தேனே என்று பெருமையாகச் சொன்னாள். அவர் ஏன் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார் என்பது இப்போதுதான் புரிந்தது. பாவி, நான்தானே கதவைச் சாத்தினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் கேட்டாள்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"இது எனக்க கையில்லியா பிள்ள." நாக்கு இன்னும் முழுக்கத் திருந்தவில்லை. "எனக்குத் தெரியாதா."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீ அண்ணைக்குத்தான் சோறு தின்ன."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காணிக்கையைத் திருப்பி வாங்க முடியுமா? எந்த வாயால் கேட்பது? சபையில் போதகர் ஞானையன் பெயரை வாசித்து, சகோதரருடைய கை பூரண சுகமானதற்காக என்றார். எழும்பி நிற்கச் சொன்னார். இடது கையால் பெஞ்சைப் பிடித்து ஞானையன் எழும்பினார். பிறகு அதே இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பின்னால் இருந்து பார்த்தால் கைகூப்பி நிற்பது போலவே இருந்திருக்கும். பின் பெஞ்சில் இருந்த ஜேசுதாஸ் பெண்டாட்டி, கை தூக்குதாரே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னாள்.

ஜெபம் நீண்டது. பெலவீனரைப் பெலப்படுத்துகிறவரே என்று போதகர் உருகி உருகி ஜெபித்தார். ஊரே கண்ணை மூடியிருந்தது. ராஜபாய் மூடவில்லை. புருஷனுடைய இடது கைப்பிடி தளர்ந்தது. வலது கை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. அவள் தன் உள்ளங்கையை அதன் அடியில் கொடுத்தாள். ஈர ரப்பர் ஷீட் மாதிரி குளிர்ந்து கனத்துக் கிடந்தது. ஆமென் வருகிறதா என்று போதகருடைய வாயையே பார்த்துக்கொண்டு அதைத் தாங்கி நின்றாள்.